விளையாட்டு யாருக்குச் சொந்தம்?

கெடா மாநிலத்தின் நகரங்களில் கூடைப்பந்துத் தளங்களைக் காண்பது அரிதன்று. சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ், அலோர்ஸ்டார் எனப் பல இடங்களிலும் சீனப்பள்ளி வளாகங்களிலும் குடியிருப்புப் பகுதிகளிலும் மாலை வேளைகளில் பந்து தரையில் தட்டப்படும் ஓசை கேட்கும். நம் நாட்டில் இவ்விளையாட்டு வேரூன்றியதில் சீனப்பள்ளிகளுக்கும் சீனச் சமூகச் சங்கங்களுக்கும் பெரும் பங்குண்டு.

ஆனால், தமிழ் மாணவர்களில் பலர் அந்தத் தளத்தைக் கடந்து செல்வார்களே தவிர, உள்ளே இறங்கி ஆடமாட்டார்கள். “காற்பந்து நம்முடைய ஆட்டம், கூடைப்பந்து அவர்களுடைய ஆட்டம்” என்று சிலர் சொல்வதையும் நாம் கேட்டிருப்போம். ஒரு விளையாட்டு ஓர் இனத்துக்கு மட்டும் சொந்தமாக முடியுமா? இக்கேள்விக்கு விடை காணத் தமிழ் பேசும் ஒரு நகரத்தின் கூடைப்பந்து வரலாறு நமக்கு உதவும். அந்நகரம் சென்னை.

பழக்கூடையில் தொடங்கிய ஆட்டம்

பெரும்பாலான விளையாட்டுகள் எங்கே, எப்போது தோன்றின என்று உறுதியாகக் கூறுவது கடினம். கூடைப்பந்து அப்படியன்று. அதைத் தோற்றுவித்தவரின் பெயரும் தோன்றிய ஆண்டும் ஊரும் நமக்குத் தெரியும்.

1891-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறித்துவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியொன்று இயங்கி வந்தது. அங்கே உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். இவர் கனடாவில் பிறந்தவர். குளிர்காலத்தில் பனி மூடிவிடுவதால் மாணவர்கள் வெளியே விளையாட முடியவில்லை. அறைக்குள்ளேயே ஆடக்கூடிய, ஒருவரையொருவர் மோதித் தள்ளாத ஓர் ஆட்டத்தை உருவாக்கும் பொறுப்பு நெய்ஸ்மித்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்த காலம் இரண்டே வாரங்கள்.

அவர் 13 விதிகளை எழுதினார். பீச் பழங்களை வைக்கும் இரண்டு கூடைகளை மண்டபத்தின் இரு முனைகளிலும் 10 அடி உயரத்தில் மாட்டினார். 18 மாணவர்களை அணிக்கு ஒன்பது பேராகப் பிரித்து ஆடச் செய்தார். அன்று பயன்பட்டது காற்பந்துதான். கூடையின் அடிப்பகுதி மூடியிருந்ததால், பந்து உள்ளே விழுந்த ஒவ்வொரு முறையும் ஒருவர் அதை எடுத்துத் தரவேண்டியிருந்தது.

இன்று அணிக்கு ஐந்து பேர் ஆடுகின்றனர். பழக்கூடை இருந்த இடத்தில் இரும்பு வளையமும் வலையும் இருக்கின்றன. ஆயினும், கூடையின் உயரம் மட்டும் மாறவில்லை. அன்றைய 10 அடி, அதாவது 3.05 மீட்டர், இன்றும் அப்படியே உள்ளது. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. அதை நெய்ஸ்மித் நேரில் கண்டார். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் இடம்பெற மேலும் 40 ஆண்டுகள் ஆயின. 1976-ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில்தான் அது நடந்தது.

இந்த வரலாற்றில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. கூடைப்பந்து சீனர்களிடமோ தமிழர்களிடமோ தோன்றவில்லை. பனிக்காலத்து அமெரிக்கப் பள்ளி ஒன்றில் பிறந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. அதைத் தம்முடையதாக்கிக் கொண்டவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் புதிதாகக் கற்றுக்கொண்டவர்களே.

ஆசிரியர்களை உருவாக்கிய கல்லூரி

கூடைப்பந்து கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்ல ஒய்.எம்.சி.ஏ. அமைப்பே முதன்மையான வழியாக இருந்தது. இந்தியாவுக்கும் அது அவ்வழியாகவே வந்தது.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1919-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். அக்காலத்தில் அந்நகரின் பெயர் மதராஸ். உடற்கல்வியை முறையாகக் கற்பிக்கக்கூடிய ஆசிரியர்கள் அப்போது மிகக் குறைவு. எனவே, அவர் 1920-ஆம் ஆண்டு விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களைக் கொண்டு உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் நந்தனத்தில் பரந்த வளாகத்துடன் அமைந்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது. 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு மேலாளராகச் சென்றவரும் ஹாரி பக்தான். அவர் 1943-ஆம் ஆண்டு இயற்கை எய்தினார்.

அவர் ஓர் அணியை மட்டும் உருவாக்கியிருந்தால், அந்த அணி ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்றதும் அவர் உழைப்பும் மறைந்திருக்கும். அவர் ஆசிரியர்களை உருவாக்கினார். அங்குப் பயின்றவர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சென்றார்கள். தாம் கற்ற விதிகளையும் பயிற்சி முறைகளையும் அங்குள்ள மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பந்தை எப்படித் தட்டிச் செல்வது, எப்போது தோழருக்குக் கைமாற்றுவது, வளையத்தை நோக்கி எறியும்போது மணிக்கட்டை எப்படி வளைப்பது என்பவற்றை அறிந்த ஆசிரியர் ஒருவர் பள்ளியில் இருந்தால், ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்கள் உருவாவார்கள்.

இந்தியாவின் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1934-ஆம் ஆண்டு புதுதில்லியில் நடைபெற்றது. 1950-ஆம் ஆண்டு இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு உருவானது. இந்திய ஆண்கள் அணி 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடியது. இவ்வாறு நாடெங்கும் ஆட்டம் வளர்ந்தபோது, அதை முன்னெடுத்த நகரங்களுள் ஒன்றாகச் சென்னையும் விளங்கியது.

வேலை கொடுத்த அணிகள்

பள்ளியிலும் கல்லூரியிலும் நன்றாக ஆடிய இளைஞர் ஒருவர் படிப்பை முடித்த பின் என்ன செய்வார்? குடும்பத்தைக் காப்பாற்ற வேலைக்குச் செல்ல வேண்டும். வேலைக்குச் சென்றால் பயிற்சிக்கு நேரமில்லை. திறமையாளர் பலருடைய விளையாட்டு வாழ்க்கை இந்த இடத்தில்தான் முடிந்துவிடுகிறது.

சென்னையில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு இருந்தது. அங்குள்ள பெரிய நிறுவனங்கள் சொந்தமாகக் கூடைப்பந்து அணிகளை வைத்திருந்தன. தென்னக இரயில்வே, பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இரயில் பெட்டித் தொழிற்சாலை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகியவை அவற்றுள் சில. சிறந்த ஆட்டக்காரர்களை இந்நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் ஊழியர்களாகச் சேர்த்துக்கொண்டன. அவர்கள் அலுவலகப் பணியும் செய்தனர். நிறுவனத்தின் அணிக்காகவும் ஆடினர். போட்டிக் காலங்களில் அவர்களுக்கு விடுப்புக் கிடைத்தது. ஆடும் வயது முடிந்த பின்னரும் வேலை நிலைத்தது.

“விளையாடினால் சோறு கிடைக்குமா?” என்பது பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி. அக்கேள்வியில் நியாயமும் உண்டு. சென்னையில் அதற்கு “ஆம், கிடைக்கும்” என்று பதில் சொல்லக்கூடிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருந்தார்கள். அவர்களைக் கண்ட பெற்றோர் தம் பிள்ளைகளைத் துணிந்து பயிற்சிக்கு அனுப்பினார்கள். பெண் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்தது. இந்திய அளவிலான பெண்கள் போட்டிகளில் இரயில்வே அணி நெடுங்காலம் முன்னணியில் நின்றதற்கு இதுவே முக்கியக் காரணம். கேரளத்தில் பிறந்த கீது அன்னா ஜோஸ் தென்னக இரயில்வே ஊழியராக ஆடியவர். 2011-ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகளின் தேர்வுப் பயிற்சிக்கு அழைக்கப்படும் அளவுக்கு அவர் உயர்ந்தார்.

அனிதா பால்துரை

சென்னையின் கூடைப்பந்து வரலாற்றில் தனி இடம் பெற்றவர் அனிதா பால்துரை. இவர் 1985-ஆம் ஆண்டு பிறந்தார். பதினாறு வயதளவில், 2001-ஆம் ஆண்டு, இந்திய அணியில் இடம்பெற்றார். இருபது வயதை எட்டும் முன்பே அணித்தலைவரானார். தென்னக இரயில்வேயில் பணிபுரிந்தபடியே நாட்டுக்காக ஆடினார்.

ஆசியக் கூடைப்பந்துப் போட்டி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுவது. அனிதா 2001 முதல் 2017 வரை ஒன்பது போட்டிகளில் தொடர்ந்து ஆடினார். கூடைப்பந்தில் ஓட்டமும் தாவலும் உடனடித் திருப்பங்களும் அதிகம். முழங்காலும் கணுக்காலும் எளிதில் காயமடையும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் நாட்டின் அணியில் நிலைத்திருப்பது எளிய செயலன்று.

அவர் 2017-ஆம் ஆண்டு ஆடியபோது ஒரு குழந்தைக்குத் தாய். திருமணத்துக்கும் குழந்தைப் பேற்றுக்கும் பிறகு பெண்கள் விளையாட்டை விட்டுவிடுவதே வழக்கமாக இருந்த சூழலில், அவர் மீண்டும் பயிற்சி செய்து உடல் வலிமையைப் பெற்று அணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு பெங்களூருவில் நடந்த ஆசியக் கிண்ணத்தின் இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் இந்தியா கசகஸ்தானை 75-73 என்ற புள்ளிகளில் வென்றது. வெறும் இரண்டு புள்ளிகள், அதாவது ஒரே ஒரு கூடை, வெற்றியைத் தீர்மானித்தது. அவ்வெற்றியால் இந்தியப் பெண்கள் அணி முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 2021-ஆம் ஆண்டு இந்திய அரசு அனிதாவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

அனிதாவின் வெற்றிக்கு அவருடைய உழைப்பே முதற்காரணம். அதேவேளையில், அவர் பிறந்த நகரில் ஆட ஒரு தளம் இருந்தது. கற்றுத்தரப் பயிற்றுநர் இருந்தார். வாழ ஒரு வேலையும் இருந்தது. இம்மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் அவர் பெயர் நமக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

சிற்றூரும் செய்யலாம்

“சென்னை பெரிய நகரம்; அங்கே எல்லாம் முடியும்” என்று சிலர் நினைக்கலாம். தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பெரியகுளம் என்னும் ஊர் இருக்கிறது. அது மாந்தோப்புகள் சூழ்ந்த சிறிய நகரம். அங்குள்ள விளையாட்டுக் கழகம் ஒன்று ஆண்டுதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தி வருகிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெயர்பெற்ற அணிகள் அந்தச் சிறிய ஊருக்கு வந்து ஆடுகின்றன. ஊர் மக்கள் திரண்டு வந்து பார்க்கிறார்கள். தேசிய அணி ஆட்டக்காரர்களை அங்குள்ள சிறுவர் சிறுமியர் பக்கத்தில் நின்று காண்கிறார்கள். ஓர் ஊர் சிறியதா பெரியதா என்பதைவிட, ஒரு பணியை ஆண்டு தவறாமல் செய்யும் மக்கள் அங்கே இருக்கிறார்களா என்பதே முக்கியம்.

தோட்டத்துத் திடல்கள்

இனி நம் மாநிலத்துக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் குடியேறினார்கள். லயன் வீடுகள், கோவில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றோடு தோட்டத்தில் ஒரு திடலும் இருக்கும். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் மரம் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய தொழிலாளர்கள் மாலையில் அத்திடலில் கூடினார்கள். காற்பந்தே அங்கு முதன்மை ஆட்டம். தோட்டத்துக்குத் தோட்டம் அணிகள் இருந்தன. அண்டைத் தோட்டத்து அணியோடு மோதும் நாளில் ஊரே திடலைச் சுற்றி நிற்கும்.

சென்னையின் நிறுவன அணிகளைப் போலவே இங்கும் வேலையும் விளையாட்டும் ஓரிடத்தில் அமைந்திருந்தன என்பதைக் கவனியுங்கள். ஆனால், முக்கியமான ஒரு வேறுபாடும் உண்டு. தோட்டத்தில் முறையாகப் பயிற்சி பெற்ற பயிற்றுநர்கள் அரிது. மூத்தவர் ஆடுவதைப் பார்த்து இளையவர் கற்றுக்கொண்டனர். பெரும்பாலும் ஆண்களே திடலில் இறங்கினர். ஆகவே, தோட்டத்து ஆட்டக்காரர்கள் பலரின் திறமை அத்திடலின் எல்லைக் கோட்டைத் தாண்டவில்லை.

பின்னர்த் திடல்களும் குறைந்தன. 1950-களின் பிற்பகுதியில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அடுத்த பல ஆண்டுகளில் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பிறகு தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா இம்மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. தோட்டக் குடும்பங்கள் நகர்ப்புறத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. வருமானமும் கல்வியும் உயர்ந்தன. ஆனால், வாசலிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இருந்த திடல் அவர்களோடு நகரத்துக்கு வரவில்லை.

புதிய தளங்கள், புதிய பெயர்கள்

நகரத்துக்கு வந்தவர்களுக்கு அங்கே வேறு வகையான தளங்கள் காத்திருந்தன. கூடைப்பந்துத் தளத்தின் நீளம் 28 மீட்டர். அகலம் 15 மீட்டர். ஒரு காற்பந்துத் திடலுக்கு வேண்டிய நிலத்தில் பத்துக்கும் மேற்பட்ட கூடைப்பந்துத் தளங்களை அமைத்துவிடலாம். இட நெருக்கடி மிகுந்த நகர்ப்புறப் பள்ளிக்கு இவ்விளையாட்டு மிகவும் ஏற்றது. ஐந்து பேர் இருந்தால் ஓர் அணி அமைந்துவிடும். பெண்களும் ஆண்களும் தனித்தனி அணிகளாக ஒரே தளத்தில் பயிற்சி செய்யலாம்.

நம் நாட்டில் இதற்கான பாதையும் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. பள்ளிகளுக்கிடையிலான போட்டிகள் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக நடைபெறுகின்றன. அதற்கு மேல் சுக்மா விளையாட்டுப் போட்டிகளும் மாநில அணிகள் மோதும் பேரரசர் கிண்ணப் போட்டியும் உள்ளன. தென்கிழக்காசியப் போட்டிகளில் மலேசியப் பெண்கள் கூடைப்பந்து அணி பலமுறை தங்கம் வென்றிருக்கிறது. 1996-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியைப் போன்ற பள்ளிகளில் படிப்பும் பயிற்சியும் ஒருங்கே கிடைக்கின்றன.

பழக்கமில்லாத ஒரு விளையாட்டில் நம்மவரால் சிறக்க முடியுமா என்ற ஐயம் எழுந்தால், சுங்கைப்பட்டாணியில் பிறந்த எஸ். சிவசங்கரியை நினைவுகூர்க. அவருடைய விளையாட்டு ஸ்குவாஷ். தோட்டத் திடல்களில் யாரும் ஆடியிராத ஆட்டம் அது. 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியின் ஒற்றையர் பிரிவில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2022-ஆம் ஆண்டு கார் விபத்தில் கடுமையாகக் காயமடைந்து, காமன்வெல்த் போட்டியில் ஆடும் வாய்ப்பை இழந்தார். ஆயினும், அவர் மீண்டு வந்தார். 2023-ஆம் ஆண்டு ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். 2024-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த புகழ்பெற்ற ஸ்குவாஷ் போட்டியில் எகிப்தின் முன்னணி ஆட்டக்காரரை இறுதியாட்டத்தில் வீழ்த்திப் பட்டம் பெற்றார்.

நமக்குரிய பணி

மாணவர்களே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஒரு விளையாட்டு, அதைத் தொடர்ந்து ஆடுபவர்களுக்கே சொந்தம். அவ்வாறு தொடர்ந்து ஆடத் தளமும் பயிற்றுநரும் எதிர்கால வாழ்வுக்கான உறுதியும் தேவை. சென்னை இம்மூன்றையும் நூறாண்டுக் காலத்தில் சிறுகச் சிறுகத் தேடிக்கொண்டது. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தளம் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்துப் பள்ளியின் பயிற்றுநரிடம் சென்று, “எங்களுக்கும் கற்றுத் தருவீர்களா, ஐயா?” என்று கேட்பதற்குச் செலவு எதுவுமில்லை. சீன, மலாய் நண்பர்களோடு சேர்ந்து ஓர் அணியில் ஆடத் தொடங்கினால், விதிகளோடு அவர்களின் மொழியிலும் நான்கு சொற்களைக் கற்கலாம்.

பெற்றோர்க்கும் பள்ளிக்கும் சமூக இயக்கங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பரிசளிப்பு விழா நடத்துவதோடு நின்றுவிடாமல், வாரந்தோறும் பயிற்சி நடைபெற வழிசெய்ய வேண்டும். பெண் பிள்ளைகளையும் தயக்கமின்றி அனுப்ப வேண்டும். ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்பது பழமொழி. இன்று மாலை தளத்தில் இறங்கும் ஐந்து பேரிடமிருந்தே ஓர் ஊரின் விளையாட்டு வரலாறு தொடங்கும்.

சிந்தித்து விடை தருக

1. ஹாரி பக் ஓர் அணியை உருவாக்காமல் ஆசிரியர்களை உருவாக்கியதால் விளைந்த நன்மை யாது?

2. சென்னையின் நிறுவன அணிகளுக்கும் கெடாவின் தோட்டத்து அணிகளுக்கும் இடையே உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.

3. “விளையாடினால் சோறு கிடைக்குமா?” என்னும் கேள்வியில் நியாயம் உண்டு என்று கட்டுரை கூறுவதேன்?

4. தோட்டத்தில் வாழ்ந்த உங்கள் தாத்தா, பாட்டி அல்லது அண்டை வீட்டு மூத்தவர் ஒருவரை நேர்காணல் செய்து, அவர் காலத்துத் திடலைப் பற்றி 120 சொற்களில் எழுதுக.

5. உங்கள் பள்ளியில் கூடைப்பந்து அணி ஒன்றைத் தொடங்கத் தலைமையாசிரியருக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுக.